பாலம் ஷௌகி பிடித்த பெனால்டி

எகிப்தின் தமன்ஹூரில் ரயிலடிக்குப் பின்சந்தில் ஷௌகி பிளேஸ்டேஷன் கடை வைத்திருந்தார். நாலைந்து டிவி, அதற்கு நேரே ஸ்பிரிங் தளர்ந்த சோபாக்கள். கடைக்குச் சட்டம் ஒன்றே ஒன்று: தோற்றவன் எழுந்து அடுத்தவனுக்கு இடம் விட வேண்டும். சாக்குச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்த பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரையே சட்டைக் காலரைப் பிடித்து எழுப்பி விட்டவர் அவர்.

கடை வைப்பதற்கு முன்னால் அவர் ஊர் நூற்பாலை அணியின் கோல்கீப்பர். எத்தனையோ பந்தைப் பாய்ந்து பிடித்திருக்கிறார், அதெல்லாம் எவனுக்கு நினைவிருக்கிறது? கெய்ரோவிலிருந்து வந்த பெரிய அணியோடு ஆடிய கோப்பை ஆட்டத்தில், கடைசி நிமிடப் பெனால்டி அவருடைய இரண்டு கால்களுக்கும் நடுவே புகுந்து போனதுதான் ஊருக்கு நினைவு. கால் நடுவே பந்து போனால் எங்கள் பக்கம் அதைப் பாலம் என்போம். அன்றிலிருந்து அவர் பாலம் ஷௌகி. கல்யாணப் பத்திரிகையில் மட்டும்தான் அதைப் போடவில்லை.

எதிர்க்கடை அவர் மனைவி இன்சாஃபின் தம்பி மஜ்தியுடையது. அது கம்ப்யூட்டர் கடை. இரண்டு பேரும் தெருவின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நாற்காலி போட்டுக்கொண்டு வாயாடாத நாளில்லை.

"மச்சான், உங்க பெட்டி பழசானா தூக்கித்தான் போடணும். என்னோடதுல ஒரு கார்டை மாத்தினா புதுசாயிடும். பகல்ல அதுலயே பசங்க பரீட்சைத் தாள் பிரிண்ட் எடுக்கிறாங்க, சாயங்காலம் அதுலயே ஆடறாங்க."

"உன் கடைக்குள்ள நுழைஞ்சா ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்கு மாப்ளே. ஆளாளுக்குக் காதுல மாட்டிக்கிட்டு சுவத்தைப் பாத்து உக்காந்திருக்கானுங்க. ஜெயிச்சா பக்கத்துல எவன் வயிறு எரியுதுன்னு பாக்க வேணாமா? என் பெட்டியில பட்டனை அமுக்கினா ஆட்டம். நீ அமுக்கிட்டு டீ குடிச்சிட்டு வரணும்."

இப்படிச் சிரிப்பும் கேலியுமாகப் போய்க்கொண்டிருந்தது, ரமலான் வரும்வரை. ரமலானில் தெருவுக்கே ஒரு கால்பந்துப் பந்தயம் உண்டு, மைதானத்தில் இல்லை, டிவி விளையாட்டில்தான். வருஷா வருஷம் ஷௌகியின் கடையில்தான் நடக்கும். பந்தயம் எங்கே நடக்கிறதோ, அந்த வருஷம் முழுக்கத் தெருப் பையன்கள் அங்கேதான் கிடப்பார்கள். இந்த வருஷம் அவர்கள் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார்கள். மஜ்தி கம்ப்யூட்டரில் விளையாட்டுக்குள்ளேயே கைவைத்து, அரபியில் வர்ணனை ஏற்றி, நம்மூர் நூற்பாலை அணியையே உள்ளே கொண்டுவந்து விட்டானாம். ஷௌகியின் கன்சோல் பெட்டியில் அதெல்லாம் நடக்குமா?

பந்தயம் போனால் கடை போன மாதிரிதான். ஷௌகி நேரே எதிர்க்கடைக்குப் போனார்.

"நீயும் நானும் ஒரே ஒரு ஆட்டம். ஜெயிக்கிறவன் கடையில பந்தயம். உன் பெட்டியிலயே ஆடறேன், ஆனா என் கன்ட்ரோலர்லதான் ஆடுவேன். அது உன் பெட்டியில வேலை செய்யலைன்னா நீ தோத்தே."

கன்சோலின் கன்ட்ரோலர் கம்ப்யூட்டரில் எடுபடாது என்று மனிதர் மனப்பால் குடித்துக்கொண்டு வந்திருந்தார். மஜ்தி ஒயரை வாங்கிச் செருகினான். விளக்கு எரிந்தது. பையன்கள் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

நோன்பு திறந்த கையோடு ஆட்டம். ஷௌகி கெய்ரோ அணியை எடுத்துக்கொண்டார், மஜ்தி நூற்பாலை அணியை. மஜ்தியின் விரல்கள் கீபோர்டில் தட்டச்சுக்காரன் மாதிரி ஓடின. ஆளுக்கு ஒரு கோல். கடைசி நிமிடத்தில் மஜ்தியின் ஆள் ஒருவன் காலை வாரிவிட, ஷௌகிக்குப் பெனால்டி கிடைத்தது. அடித்தால் பந்தயம் அவருடையது.

அப்போதுதான் திரையில் கோல்கீப்பரின் முகத்தைப் பெரிதாகக் காட்டினார்கள். மஞ்சள் சட்டை, அடர்ந்த மீசை, இருபத்தைந்து வயது ஷௌகி.

"அக்காகிட்ட பழைய ஃபோட்டோ வாங்கிப் போட்டேன் மச்சான்," என்றான் மஜ்தி. குரலில் கேலி இல்லை. "நீங்க இல்லாம அது என்ன நூற்பாலை அணி?"

பின்னால் எவனோ ஒருவன் மெல்ல, "பாலம் போடுங்க மாமா, உங்களுக்குத் தெரியாத இடமா?" என்றான். கடையே சிரித்தது.

ஷௌகி சிரிக்கவில்லை. இடது மூலை, கீழே, பலமாக. அந்த அடியை அவர் ஆயிரம் தடவை அடித்திருக்கிறார், தூக்கத்தில் கூடத் தவறாது. கடையை நினைத்தார். திரையில் கையை விரித்துக்கொண்டு நிற்கிறவனைப் பார்த்தார். அவனுக்கு எதிரே அன்று நின்ற கெய்ரோக்காரன் கொஞ்சம் கூட இரக்கப்படவில்லை.

அடித்தார். நட்ட நடுவில், குழந்தைக்கு உருட்டி விடுவது போல. வேண்டுமென்றேதான் அடித்தார், அதில் சந்தேகமே வேண்டாம். திரையிலிருந்த ஷௌகி குனிந்து, பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். அரபி வர்ணனைக்காரன் தொண்டை கிழியக் கத்தினான். அடுத்த நொடியே பந்தை எடுத்துப்போய் மஜ்தி கோல் போட்டுவிட்டான்.

ஷௌகி யாரும் சொல்லாமலே எழுந்து இடம் விட்டார். மஜ்தி அவரையே பார்த்தான்.

"பந்தயம் உன் கடையில," என்றார் ஷௌகி. "ஆனா அந்த ஆஸ்பத்திரி நாற்காலியில வேணாம். நாளைக்கு என் சோபாவைத் தூக்கிட்டு வரச் சொல்றேன். தோத்தவன் எழுந்திருக்கணும், சொல்லிப்புட்டேன்."

வீட்டில் செய்தி அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. இன்சாஃப் குனாஃபா இனிப்புத் தட்டை நீட்டியபடி, "என்னங்க, தோத்துட்டீங்களாமே?" என்றாள்.

"யாரு தோத்தது?" என்றார் ஷௌகி, ஒரு பெரிய துண்டாகப் பார்த்து எடுத்துக்கொண்டு. "கடைசி நிமிஷப் பெனால்டியைப் பிடிச்சது யாருன்னு உன் தம்பியைக் கேளு."