பத்தொன்பதுக்குப் பிறகு

நம்புங்கள் என்று யாரையும் கெஞ்சப்போவதில்லை. என் காதால் கேட்டதை மட்டும் எழுதுகிறேன். 1867, ஜனவரி. இங்கிலாந்தில், வெஸ்ட்மோர்லாந்து மலையடியில் எங்கள் வீடு. நானும் என் அண்ணன் ஆம்ப்ரோஸும் மட்டும்தான். பெற்றோர் போன பிறகு எனக்கென்று இருந்த ஒரே ஆள் அவர்.

அண்ணன் ஓவியர். மாடு, ஆடு, மலை, மேகம் தவிர வேறெதையும் வரைய மாட்டார். கண்ணால் பார்க்காததையும் வரைய மாட்டார். அதில் அவருக்கு ஒரு வீம்பு.

அன்று காலை பக்கத்துப் பண்ணை ஆக்னஸ் டாக்ரே வந்தார். தன் மந்தையை வரையச் சொல்லியிருந்தவர் அவர்தான். படத்தின் முன் நின்று சிரித்தார்.

"என்னைவிட என் ஆடுங்கதான் களையா இருக்கு, தம்பி."

பிறகு சிரிப்பு நின்றது. ஓரத்தில், மலையைப் பார்த்தபடி தனியாக நின்ற ஒரு பெட்டை ஆட்டை விரலால் காட்டினார். எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு பண்ணைக்கும் ஒரு குறி உண்டு. மந்தைகள் மலையில் கலந்துபோனாலும் குறி பார்த்துப் பிரித்துவிடுவார்கள். டாக்ரே ஆடுகளுக்கு இடுப்பில் ஒரு நீலக் கோடு. இந்த ஆட்டின் இடது தோளில் இரண்டு சிவப்பு வட்டங்கள்.

"இது ஏது?"

"மலை மேல இடிஞ்ச ஆட்டுப்பட்டிகிட்ட நின்னுதும்மா. பார்த்தேன், வரைஞ்சேன்."

"அந்தக் குறி இப்ப யாருக்கும் இல்ல. அழிச்சிடுங்க."

"கண்ணால பார்த்ததை எப்படி அழிக்கறது?"

"அடுத்தவன் ஆடு என் மந்தையில நின்னா என்னைத் திருடின்னுதான் சொல்வாங்க. ராத்திரி குடிச்சதெல்லாம் காலைல ஆடாத் தெரியுது போல."

அண்ணன் முகம் சிவந்தது. அவர் குடிப்பதே இல்லை. டாக்ரே போனதும் கோட்டை மாட்டிக்கொண்டார். சிவப்பு வண்ணம் காலையிலேயே தீர்ந்திருந்தது. ஒரு பென்சிலும் தாளும் மட்டும் எடுத்துக்கொண்டார்.

"வானம் சரியில்லண்ணே."

"அந்த ஆட்டை மறுபடி பார்த்து வரைஞ்சுட்டு வரேன். சூப்பை அடுப்புல வை. கொதிக்கறதுக்குள்ள வந்துடுவேன்."

சூப் கொதித்தது. அவர் வரவில்லை. பனி கொட்டத் தொடங்கியது.

பகல் இரண்டு மணிக்கு எங்கள் வேலியே கண்ணுக்குத் தெரியவில்லை. விளக்கோடு வெளியே ஓடினேன். காற்று விளக்கை அணைத்தது. அண்ணன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. விழுந்தேன், எழுந்தேன், சுவரைத் தடவித் தடவி வீட்டுக்குத் திரும்பினேன். மறுபடி போனேன். மறுபடியும் திரும்பினேன்.

மூன்றேகால் மணி. வெளிச்சுவரில் ஒரு சத்தம்.

டொக்.

தடியால் தட்டுவது போல. பிறகு ஒரு கிழக்குரல்.

"ஒண்ணு."

டொக். "ரெண்டு."

அண்ணனைத் தேட ஆட்களைத் திரட்டிக்கொண்டு யாரோ வந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். கதவைத் திறந்தேன். "எங்கண்ணனைப் பார்த்தீங்களா?"

யாரும் இல்லை. பனியில் ஒரு காலடித் தடம்கூட இல்லை. நனைந்த கம்பளியின் வாடை மட்டும்...

கதவைச் சாத்தினேன். குரல் தொடர்ந்தது.

"பதினெட்டு." டொக். "பத்தொன்பது."

நின்றது. மூச்சு வாங்கும் ஓசை. பிறகு மறுபடி முதலிலிருந்து.

"ஒண்ணு..."

மூன்று முறை. ஒவ்வொரு முறையும் பத்தொன்பதில் நின்றது. எங்கள் இடையர்கள் இருபது இருபதாகத்தான் எண்ணுவார்கள். ஒன்று குறைகிறது.

படத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

மலையைப் பார்த்து நின்ற ஆடு... இப்போது கதவைப் பார்த்து நின்றது.

அண்ணனின் கத்தியை எடுத்தேன். அந்த ஆட்டைத் துணியோடு அறுத்தெடுத்தேன். அவசரத்தில் விரலிலும் வெட்டு விழுந்தது. கதவைத் திறந்து துண்டை வாசற்படியில் வைத்தேன்.

"உங்க ஆடு இதோ. எங்கண்ணனை விட்டுடுங்க."

கதவைச் சாத்தி அதன்மேல் சாய்ந்துகொண்டேன்.

டொக். "ஒண்ணு."

காத்திருந்தேன்.

"பத்தொன்பது."

அமைதி...

டொக்.

"இருபது."

பல குளம்புகள் மலைப்பக்கம் ஏறிப்போகும் ஓசை. காற்று அடங்கியது. பனி நின்றது.

நான் அழுதேன். பிறகு சூப்பை மறுபடி சூடாக்கினேன்.

அண்ணனை மறுநாள் காலை கொண்டுவந்தார்கள். இடிந்த பட்டிக்குள் சுவரோரம் விறைத்துப் படுத்திருந்தாராம்.

அவர் போட்டிருந்த கோட்டின் இடது தோளில் இரண்டு சிவப்பு வட்டங்கள்.

ஆக்னஸ் அதைத் தொட்டுப் பார்த்தார். விரலில் செங்காவி ஒட்டியது, ஈரமாக.

"நான் சின்னப் பொண்ணா இருந்தப்ப ஜோனஸ் ரெய்ன்னு ஒரு இடையன். பனியில ஒரு ஆடு தப்பிப்போச்சுன்னு தேடப் போனான். அந்தப் பட்டியிலதான் விறைச்சுக் கிடந்தான். சுத்தி பத்தொன்பது ஆடு செத்துக் கிடந்துது. இது அவன் குறி. காலைலயே சொல்லியிருக்கணும், கண்ணு. சிரிப்பாங்கன்னு விட்டுட்டேன்."

சவப்பெட்டியை வெளியே எடுக்க வாசற்பனியைத் தள்ளினேன். படியில் பனிக்கடியில் அந்தப் படத்துண்டு கிடந்தது. நான் வைத்த இடத்திலேயே, வைத்தபடியே.

அவன் அதை எடுக்கவே இல்லை.

ஆனால் இருபது வரை எண்ணினான். நான் கேட்டேன்.