தேருக்காக எடுத்த கற்கள்

செவ்வாய்க்கிழமை காலை அலுவலகக் காவலாளி போன் செய்தார். “சார், ஸ்டெல்லா மேடம் பூட்டாங்க சார்.” சிறுநீரகம் பழுதாகி எட்டு மாதமாகப் படுக்கையில் இருந்தவர்தான், எதிர்பார்த்த செய்திதான். ஆனாலும் அழுகைக்கு முன் எனக்குப் பயம் வந்தது. அவரிடம் நான் ஒரு பொய் சொல்லியிருந்தேன்.

தெருக்களை வடிவமைக்கும் எங்கள் அலுவலகத்தில் அவர் பொறியாளர்; நான் வரைபடம் போடுகிறவன். அவர் வேலைக்கு வந்த முதல் வாரமே, “பேப்பர்ல நடக்கறவனுக்கு மூட்டு வலிக்காது சார், வாங்க” என்று சின்ன காஞ்சிபுரத்துத் தேர்வீதிக்கு என்னை இழுத்துப் போனார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள், ஒரு கர்ப்பிணி, தறிக்காரர்கள், கோயில் பட்டர், எண்பது வயது குப்பம்மாள் என்று எல்லோர் கையிலும் சாக்பீஸைக் கொடுத்து, நடக்கப் பயமாக இருக்கும் இடத்தில் கோடு போடச் சொன்னார். இதெல்லாம் ஒரு வேலையா என்று எனக்குச் சிரிப்பு. பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஒரே இடத்தில் அத்தனை கோடுகளும் விழுந்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

“பாதி ரோடு தாண்டறதுக்குள்ள வண்டி வந்துடுதும்மா. நடுவுல நின்னுக்கினு மூச்சு வாங்க ஒரு எடம் குடு, போதும்” என்றார் குப்பம்மாள்.

நடுவீதியில் மேடை கட்டினால் தேர் எப்படிப் போகும் என்று நான் சண்டை போட்டேன். மேடம் அசரவில்லை. கழற்றி மாட்டும்படியான கற்களால் மேடை வடிவமைத்தார். ஒரு வருஷம் குப்பம்மாள் அங்கே நின்று, மூச்சு வாங்கி, வீதியைக் கடந்தார்.

அடுத்த தேருக்கு உத்தரவு எழுதியவன் நான். கற்களை எடுக்கச் சொல்லி எழுதினேன். திரும்ப வைக்கச் சொல்லி எழுத மறந்தேன். தேர் நிலைக்கு வந்துவிட்டது, கற்கள் கிடங்கிலேயே கிடந்தன. மேடம் அதற்குள் படுக்கையில் விழுந்துவிட்டார். பார்க்கப் போனபோது கேட்டார்:

“கல்ல வெச்சிட்டாங்களா சார்?”

ஒப்புக்கொள்ள வெட்கமாக இருந்தது. “வெச்சாச்சு மேடம்” என்றேன்.

“குப்பம்மா நின்னாங்களா?”

“நின்னாங்க.”

கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். நாளைக்கே வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். நாளைக்கு, நாளைக்கு என்றே மாதங்கள் ஓடிவிட்டன.

புதன்கிழமை அவர் பெட்டியை அந்த வீதி வழியாகத்தான் கல்லறைக்குத் தூக்கிப் போனோம். குப்பம்மாள் தவிர, சாக்பீஸ் பிடித்தவர்கள் எல்லோரும் பின்னால் வந்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு எதிரே, வீதியின் மறுபக்கம், சாமந்தி மாலையோடு குப்பம்மாள் நின்றிருந்தார். பைக்குகள் ஊர்வலத்தைச் சுற்றிக்கொண்டு பறந்தன. அவர் இறங்கவில்லை. கைபிடித்து அழைத்துவர நான் ஓடினேன்.

“கல்லு எங்கப்பா?” என்று கேட்டார்.

ஊர்வலத்தின் பக்கம் திரும்பினேன். பெட்டியை நடுவீதியில், கற்கள் இருந்த இடத்திலேயே இறக்கச் சொன்னேன். வண்டிகள் நின்றன. பாதி வீதி நடந்து வந்து மாலையைப் போட்ட குப்பம்மாள், பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்கினார்.

மேடம், நான் சொன்னது பொய். போய் வாருங்கள்.