பிரையன் வீட்டு அம்மன்

எங்கள் வீட்டுக்காரர் பிரையன் மழையில் நனைந்து வந்தால் தொப்பியைக் கழற்றி, முன்கூடத்து மேசையில் நிற்கும் வெண்கல அம்மன் தலையில் வைப்பார். கார்ச் சாவியை அம்மனின் வலக்கையில் கொளுவுவார். பூச் செருகுவதற்கென்று விரல்களை வளைத்து வார்த்த கை அது. சாவிக்கும் வசதியாகத்தான் இருந்தது. அவர் மனதில் துளி கெட்ட எண்ணம் கிடையாது. கப்பலில் வேலை செய்த காலத்தில் போன இடமெல்லாம் பழஞ்சிலைகள் வாங்கி வந்து வீட்டை நிரப்பியிருந்தார். கதவு சாத்தாமல் இருக்க ஒரு கல் நந்தி, குளியலறைத் தட்டில் புத்தர் தலை, தொலைக்காட்சிக்கு மேலே சிறகொடிந்த மரத் தேவதூதன். இந்த நாட்டில் சாமி சிலை என்றால் வீட்டுக்கு அழகு. நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். பிறர் வீட்டு வழக்கத்துக்கு நியாயம் சொல்ல எனக்குத் தெரியாது. வாசலில் நின்று வாடகையைக் கொடுத்துவிட்டு, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு வந்துவிடுவேன்.

ஏவன்டேல் என்ற புறநகரில் அவருடைய வீட்டுக்குப் பின்வளவில் இரண்டு அறை. அதில்தான் நானும் மனைவி புஷ்பமும் இருந்தோம். தொண்ணூற்றேழாம் ஆண்டு. வேறு இடங்களில் வீடு கேட்டுப் போனால், முன்பு இருந்த வீட்டுக்காரரிடம் நற்சான்று வாங்கி வா என்பார்கள். யாழ்ப்பாணத்தில் நாங்கள் முன்பு இருந்த வீட்டுக்கு நாங்களேதான் சொந்தக்காரர். அதற்குக் கூரையும் இப்போது இல்லை. பிரையன் ஒன்றும் கேட்கவில்லை. சாவியைத் தந்தார். அந்த இடம் போனால் எங்களுக்குப் போக்கிடம் இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

ஒருமுறை அவர் இந்த நாட்டின் தென்தீவிலுள்ள மகளிடம் போகும்போது, பூச்சாடிகளுக்குத் தண்ணீர் விடச் சொல்லி, "உங்கள் வீடு போலப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். புஷ்பம் அதை அப்படியே எடுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை நான் வேலையால் வந்தபோது பிரையனின் முன்வீட்டு வாசல் திறந்திருந்தது. உள்ளே போனேன். பாசி பிடித்தது போல் பச்சையாய் நின்ற அம்மன் பொன்னாக மின்னினா. நெற்றியில் குங்குமம். இடையில் புதுச் சேலையில் கிழித்த ஒரு துண்டு. சமையல் தொட்டியில் பழப்புளிச் சக்கையும் பிரையனின் மரத்து எலுமிச்சைத் தோலும் கிடந்தன.

"என்னப்பா செய்து வைச்சிருக்கிறீர்?" என்று கேட்டேன்.

"புளி போட்டுத் தேய்ச்சு, தோய வாத்தனான்," என்றாள் புஷ்பம், கையைத் துடைத்துக்கொண்டே. "களிம்பு ஏறி, உடுக்க ஒரு துணியில்லாமல் நிக்கிறா. வெள்ளிக்கிழமையும் அதுவுமா எப்பிடிப் பாத்துக்கொண்டு வாறது?"

"ஐயர்மார் தொடுற சிலையைத் தொடலாமோ?"

"தொப்பி போடலாம், தோய வாக்கக் கூடாதோ?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிரையன் ஒருமுறை அந்தப் பச்சையைத் தடவிக் காட்டி, பட்டினா, பட்டினா என்று பெருமையோடு சொன்னது நினைவில் இருந்தது. சொல் விளங்காவிட்டாலும் அவர் விரல் அதைத் தொட்ட விதம் விளங்கியது. ஊரில் களிம்பு என்றால் பூசை இல்லாத கோயில், கவனிப்பாரற்ற தெய்வம். இங்கே அதுதான் பெறுமதி. எங்களுக்குச் சாமிக்கு வயதில்லை, இவர்களுக்கு வயதுதான் சாமி. புஷ்பம் விளக்கி எடுத்தது அதைத்தான்.

அவர் வரும்வரை தெருவைத்தான் கவனித்துக்கொண்டிருந்தோம். தெருவில் கார்ச் சத்தம் கேட்டால் இருவரும் ஒருவரையொருவர் பார்ப்போம். "அந்தாள் வெளிக்கிடச் சொன்னால் எங்கை போறது?" என்று கேட்டேன். புஷ்பம், "அதின்ரை பீடத்தில ஓட்டையள் இருக்கு, கண்டனீங்களோ?" என்றாள். கண்டிருந்தேன். திருவிழா வாகனத்தில் வைத்துக் கட்டுவதற்கான துளைகள். வீட்டு அலங்காரத்துக்கு வார்த்த சிலை இல்லை அது. எங்கேயோ ஒரு கோயிலில் வீதி வலம் வந்த எழுந்தருளிச் சிலை.

சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணமே வெளிக்கிட்ட அந்த மழை நாளில், எங்கள் கோயில் எழுந்தருளியையும் சாக்கில் சுற்றி உழவு இயந்திரத்தின் இழுவைப் பெட்டியில் ஏற்றினார்கள். நானும் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினேன். அந்தப் பாரம் இன்னும் தோளில் இருக்கிறது. வழியில் கூட்டத்தோடு கூட்டமாக அந்த உழவு இயந்திரத்தைத் தவறவிட்டோம். பிறகு யாரைக் கேட்டாலும் கிளிநொச்சி என்பார்கள், வன்னிக்காடு என்பார்கள், கடல் கடந்துவிட்டது என்பார்கள். எங்கள் கோயில் அம்மனும் இப்படி ஒரு மேசையில்தான் நிற்கிறாவோ?

பிரையன் ஞாயிறு மத்தியானம் வந்தார். நாங்கள் இருவரும் வாசலிலேயே நின்றோம். உள்ளே போனவர் தொப்பியைக் கழற்றி நீட்டினார். நீட்டிய கை அந்தரத்தில் நின்றது.

"யார் செய்தது?"

"நான்," என்றாள் புஷ்பம்.

பிரையனின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. "இந்தப் பச்சை வர எத்தனை நூற்றாண்டு எடுக்கும் தெரியுமா? அதுதான் இவளின் வயது. கழுவி ஊற்றிவிட்டீர்கள்!"

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சாரி, சாரி என்றேன். அவர் நாற்காலியில் போய் இருந்தார். அம்மன் முன்னால் நின்றா. களிம்பு மூடியிருந்த கண்கள் இப்போது திறந்திருந்தன.

"இத்தனை வருஷம் இவள் ஒன்றையும் பார்க்கவில்லை," என்றார் மெல்ல. "இப்போது என்னைப் பார்க்கிறாள்." சட்டென்று எழுந்தார். "எனக்கு வேண்டாம். நீங்களே கொண்டு போங்கள்."

என் கை தானாகக் கூம்பியது. தூக்கப் போனேன். புஷ்பம் என் கையைப் பிடித்தாள்.

"வைச்சிட்டு வாங்கோ."

"விசரோ உமக்கு? அவர் தாறார்."

"அவர் ஆர் தர, நாங்கள் ஆர் வாங்க? அவவுக்கு ஒரு ஊர் இருக்குமெல்லே. ஊருக்குப் பொதுவான ஆளை நான் என்ரை குசினி அலுமாரித் தட்டில எப்பிடி வைக்கிறது? ஆரோ எங்கையோ இவவைத் தேடிக்கொண்டிருப்பினம்."

பிரையன் என்ன சொல்கிறாள் என்று கேட்டார். "இவ எங்களுடையவ இல்லை" என்று மட்டும் என்னால் சொல்ல முடிந்தது. அவர் புஷ்பத்தைப் பார்த்தார், அம்மனைப் பார்த்தார். "என்னுடையவளும் இல்லை என்கிறாளா?" என்றார். நான் மொழிபெயர்க்கவில்லை. தேவையும் இருக்கவில்லை.

எங்களைப் போகச் சொல்லவில்லை. அம்மனையும் விற்கவில்லை. சுவரில் ஆணி அடித்துத் தொப்பியையும் சாவியையும் அதில் மாட்டினார். சேலைத் துண்டை அவர் கழற்றவில்லை. அந்தப் பார்வையைத் தாங்க மாட்டாமல், அவவைத் தூக்கி முன் ஜன்னலில், முகம் தெருப்பக்கம் பார்க்க வைத்தார். அவ்வழியால் போகும் பாதசாரிகளும் பஸ்ஸில் போவோரும் முகத்தைப் பார்ப்பார்கள்.

நாங்கள் பின்வளவில். புஷ்பம் உடுப்புக் காயப்போடும் கொடியடியில் நின்றால், பிரையன் வீட்டின் பின்கண்ணாடிக்குள்ளால் நேரே முன் ஜன்னல்வரை தெரியும். அங்கே வந்ததும் செருப்பைக் கழற்றிவிடுவாள். இங்கே குளிர்காலமான ஆனி மாதத்தில் புல் ஊசியாய்க் குத்தும். கும்பிட முடியாது, இரண்டு கையிலும் ஈர உடுப்பு. அப்படியே வெறுங்காலோடு நிற்பாள், தெருவைப் பார்த்து நிற்கும் அம்மனின் முதுகைப் பார்த்துக்கொண்டு.