ஒரு தொண்டை, இரண்டு பெண்கள்

கூடத்தில் நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிடுகிறவருக்கு டிவி தொடர்களில் பின்னணிக் குரல் கொடுப்பதுதான் பிழைப்பு. பதினோரு வருடமாகக் காலையில் எங்கள் சேனலில் அழும் அம்மா. மதியம் எதிர்த்தெரு சேனலில் சீறும் மாமியார். இரண்டு சேனல்களும் கீரியும் பாம்பும். ஒன்றில் பேசுகிறவர் மற்றதில் வாயைத் திறக்கக் கூடாது என்று ஒப்பந்தம். அதனால் மாமியார் வேலைக்குத் தன் தங்கையின் பெயரைக் கொடுத்திருந்தார். அக்காவின் கணவர் முதுகில் அடிபட்டு வீட்டோடு இருப்பவர். "இப்போ பேசுறது அம்மாவா, மாமியாரா?" என்று கேட்டுவிட்டுத்தான் சாப்பிட உட்காருவாராம்.

ஒலிப்பதிவாளனான எனக்கே இதெல்லாம் பிறகுதான் தெரியும்.

ஒரு பெரிய கம்பெனி இரண்டு சேனல்களையும் வாங்கி ஒன்றாக்கியது. இரண்டு கேன்டீன் ஒன்றானது, இரண்டு ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றானது, நாற்பது பேர் வீட்டுக்குப் போனார்கள். பொய்ப் பெயரில் வேலை பார்ப்பவர் உடனே நீக்கப்படுவார் என்று சுவரில் தாள் ஒட்டினார்கள். இந்த அழகுக்குக் கொண்டாட்டம் வேறு: இரண்டு தொடர்களையும் சேர்த்து ஒரு வாரம் மகா சங்கமம். முதல் காட்சியிலேயே அம்மாவும் மாமியாரும் நேருக்கு நேர் சண்டை.

அம்மாவின் பங்கை அழுது முடித்துவிட்டு அக்கா வெளியே போனார். நான் மாமியாருக்காகக் காத்திருந்தேன். கதவைத் திறந்துகொண்டு அதே அக்கா, அதே வெந்நீர் ஃபிளாஸ்க்கோடு உள்ளே வந்தார்.

"என்னக்கா, எதையாவது மறந்துட்டீங்களா?"

"இல்லப்பா. அடுத்த ஆளும் நான்தான். காட்டிக் குடுத்துடாத, ரெண்டு வேலையும் போயிடும்."

தொண்டையைச் செருமிக்கொண்டு, சற்றுமுன் தான் அழுத அழுகையைத் தானே ஏசித் தீர்த்தார். இரண்டையும் சேர்த்து ஓட்டிக் கேட்டேன். சத்தியமாக இரண்டு பெண்கள்தான்.

வியாழக்கிழமை அக்கா இருக்கும்போதே புது மேலாளர் வந்து பதிவைப் போட்டுக் கேட்டார். நல்ல மாதிரியான மனிதர். கெட்டவராக இருந்தால் மனசுக்குள்ளாவது திட்டியிருப்பேன்.

"ரெண்டு பேருமே பிரமாதம். ஆனா ஒரே வயசுக் குரலுக்கு ரெண்டு ஆள் கட்டுப்படியாகாது. நீங்க அந்த மாமியாரையும் பேசிப் பாக்கறீங்களாம்மா?"

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு பேசிக் காட்டினார்.

"அச்சு அசல் அவங்களேதான்," என்றார் மேலாளர். "அப்ப ரெண்டையும் நீங்களே பாத்துக்குங்க. உங்க சம்பளம் அதேதான். அந்தம்மாவ எடுத்துடலாம். நான் சொன்னா சங்கடம், நீங்களே பக்குவமா சொல்லிடுங்களேன்."

வேலை குறையவில்லை, வருமானம்தான் பாதியானது. மறுத்துப் பேசினால் மீதிப் பாதியும் போகும். அக்கா தலையாட்டினார். நானாவது வாயைத் திறந்திருக்கலாம். எனக்கும் குடும்பம் இருக்கிறது என்று சும்மா இருந்தேன். இன்றைக்கும் அது எனக்கு வெட்கம்.

அக்கா வெளியே போய், அந்தத் தாள் ஒட்டியிருந்த சுவர் ஓரமாக நின்றார். ஃபிளாஸ்க்கைத் திறந்து ஒரு மடக்கு குடித்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"சொல்லிட்டேன் சார்."

"ரொம்ப வருத்தப்பட்டாங்களா?"

"பதினோரு வருஷமா பழக்கம் சார். ஒண்ணும் சொல்லல."