விரற்கடை திறந்த கதவு

வண்டி சரியாகிவிட்டது. பிறகு ஏன் சித்தி வழி முழுக்க வாய் திறக்காமல் வந்தாள்? பின்சீட்டில் இருந்த எனக்கு அன்று பதில் தெரியவில்லை.

சித்தப்பா எந்த வேலை செய்தாலும் திருகாணியை உதட்டில் கவ்விக்கொள்வார். டீயோடு வரும் சித்தி முதலில் அதைப் பிடுங்கிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவாள். பத்து வயதில் வந்த காய்ச்சலில் அவளுக்குக் காது போய்விட்டது. நன்றாகப் பேசுவாள். நாம் பேசுவதை உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். "திருகாணிய வாயில வச்சுக்கிட்டுப் பேசினா, திருகாணிதான் எனக்குத் தெரியுது" என்பாள்.

சித்தப்பா தன் டாக்சியோடும் பேசுவார். "என்ன மகாராணி, இன்னும் தூக்கமா?"

மூன்று வாரமாக மகாராணி காலையில் எழுந்திருக்கவே இல்லை. கதவை மூடினாலும் உள்விளக்கு அணையாமல் எரிந்து, விடிவதற்குள் பேட்டரியைக் குடித்துவிடும். சித்தியும் நானும் தெருமுனை வரை தள்ளுவோம். "டாக்சிக்காரருன்னு சொல்லித்தான் கட்டி வச்சாங்க, தள்ளுவண்டின்னு யாரும் சொல்லல" என்று சித்தி சிரித்துக்கொண்டே தள்ளுவாள்.

மாலையில் அவர் என்னைக் கணினி வகுப்பிலும் சித்தியைத் தையல் பட்டறை வாசலிலும் ஏற்றிக்கொள்வார். ஏற்றியதும் கிளம்பமாட்டார். அந்த அணையாத விளக்கின் கீழ் இருவரும் பத்து நிமிடம் பேசுவார்கள். எங்கள் வீட்டில் மூன்று அறை, எட்டுப் பேர். அங்கே சித்தி எப்போதும் அடுப்பைப் பார்த்து நிற்பாள். அவள் முதுகோடு யாரும் பேச முடியாது. காரில்தான் எத்தனை காலர் கோணலாகப் போனது, யார் யாரை முறைத்தார்கள் என்பதெல்லாம் வரும். சித்தப்பா சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்துப் பதில் சொல்வார். எனக்கு அவர் பிடரிதான் தெரியும். நல்ல பதில் என்று சித்தியின் சிரிப்பை வைத்துத் தெரிந்துகொள்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் சித்தி பக்கத்துக் கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்தார். கதவு மூடினால் அமுங்கி விளக்கை அணைக்கும் சின்னப் பொத்தான் சுவிட்ச் அங்கே இருந்தது. அதைக் கழற்றி வெளியே இழுத்தார். ஒயர் நுழையும் தகட்டு ஓட்டையில் ரப்பர் வளையத்தைக் காணோம். விளிம்பில் உரசி உரசித் தோல் உரிந்து, செம்புக் கம்பி வண்டியின் உடம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. கதவு திறந்தே இருப்பதாக விளக்கு மூன்று வாரம் நம்பியிருக்கிறது. "மகாராணிக்கு முழங்கை சிராய்ச்சிருக்கு" என்றார். கெட்ட துண்டை வெட்டி, புது ஒயர் இணைத்து, டேப் சுற்றி, புது வளையமும் மாட்டினார்.

மறுநாள் மாலை. முன்பெல்லாம் அந்நேரத்துக்குப் பகல் வெளிச்சமே போதும்; இது ஆறு மணிக்கே இருட்டிவிடும் மாதம். சித்தி ஏறி, ஏதோ சொல்லத் தொடங்கியபடியே கதவைச் சாத்தினாள். விளக்கு அணைந்தது. பேச்சும் பாதியில் நின்றது.

"பாத்தியா!" என்று சித்தப்பா இருட்டில் கை தட்டினார்.

செவ்வாய்க்கிழமையும் அப்படியே. வீட்டு வாசலில் என்னைக் கேட்டார். "உங்க சித்திக்கு என்மேல என்னடி கோவம்?"

"தெரியல சித்தப்பா."

புதன்கிழமை மழை. சித்தி ஏறிக் கதவைச் சாத்தினாள். அவர் ஏதோ கேட்டார். அவள் கதவை மறுபடி திறந்தாள். விளக்கு எரிந்தது. அவர் முகத்தையே பார்த்து, "இப்பச் சொல்லுங்க" என்றாள். மழை அவள் மடியில் அடித்தது.

சித்தப்பா மேலே விளக்கைத் தடவினார். அதிலிருந்த, கையால் போடும் சுவிட்ச் எப்போதோ உடைந்துபோனது. "நான் ஒரு மடையன்டி" என்றார், எனக்கா அவளுக்கா தெரியவில்லை. குனிந்து அவள் கதவைச் சாத்திவிட்டு, தன் கதவை விரற்கடை அளவு திறந்து இடுக்கில் செருப்புக்கால் நுனியை வைத்துக்கொண்டார். விளக்கு வந்தது. சித்தி விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள்.

இப்போதும் அப்படித்தான் நிற்கிறார்கள். போகிறவர்கள் கண்ணாடியைத் தட்டி, "அண்ணே, கதவு சரியா மூடல" என்கிறார்கள். ஒவ்வொரு தட்டலுக்கும் சித்தப்பா முகத்தைத் திருப்ப வேண்டியிருக்கிறது. சித்திக்குப் பேச்சு அறுந்துபோகிறது. அதனால் இதை நாலு பேரிடம் சொல்லுங்கள். மழையில் ஒரு டாக்சியின் கதவிடுக்கில் ஒரு செருப்புக்கால் நுனி நனைந்துகொண்டிருந்தால், தட்டாமல் போகச் சொல்லுங்கள்.