உறுப்பினர் ஊரில் இல்லை

எம்.பி. ஆபீசில் உட்கார்ந்து மனு வாங்குகிற வேலையில், ஓட்டு வாங்குகிறவர் ஒருவர், திட்டு வாங்குகிறவர் இன்னொருவர். அந்த இன்னொருவர் நான். பெயர் ரெஜினா. கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் ஸ்வெட்டர் கடைக்கு மேலே உள்ள மாடி அறையில், பதினைந்து வருடமாக மூன்று நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு டைப் அடித்து, தபால் அனுப்பி, போனை எடுத்து "உறுப்பினர் ஊரில் இல்லைங்க" என்று சொல்லி வந்திருக்கிறேன். ஆள் மாறுவார், கட்சி மாறும், வாசலில் பெயர்ப்பலகை மாறும். எந்த ஃபைல் எங்கே கிடக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் என்பதால் என்னை மட்டும் யாரும் மாற்றவில்லை.

நீங்களும் எங்கேயாவது ஒரு மனுவைப் பிடித்துக்கொண்டு கால் கடுக்க நின்றிருப்பீர்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவளைப் பார்த்துப் பல்லைக் கடித்திருப்பீர்கள். அந்தப் பக்கம் இருப்பவளும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தாள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மலர்க் கண்காட்சிக்கு வந்தவர்

என் முதல் உறுப்பினர் வக்கீல். குரலை உயர்த்தியே பேசமாட்டார். அவர் மலைக்கு வருவது வருடத்துக்கு ஒரு தடவை, மே மாதம், மலர்க் கண்காட்சிக்கு. அப்படி ஒரு மே மாதம் மேல்மலைப் போளூரிலிருந்து ஆறு விவசாயிகள் வெள்ளனே கிளம்பி முதல் பஸ்சில் வந்து இறங்கினார்கள். மழை பெய்தால் அவர்கள் ஊர் ரோட்டில் லாரி ஏறாது. தோண்டிய கேரட் மூட்டையிலேயே அழுகிப்போகும். அந்த ரோட்டைச் சரிசெய்யச் சொல்லித்தான் மனு. உறுப்பினர் தங்கியிருந்த விருந்தினர் மாளிகை வாசலில் மத்தியானம் வரைக்கும் நின்றார்கள். அவர் வெளியே வந்து, இரண்டு கையாலும் மனுவை வாங்கி, "கட்டாயம் பார்க்கிறேன்" என்றார். ஆறு பேருக்கும் அப்படி ஒரு சந்தோஷம்.

சாயங்காலம் பஸ் ஏறுவதற்கு முன்னால், மனு கொடுத்ததற்கு ரசீது கேட்டு என் அறைக்கு வந்தார்கள். மனுவைப் பார்க்காமல் எப்படி ரசீது போடுவது என்று நான் விழித்துக்கொண்டிருந்தபோது, மாளிகை வாட்ச்மேன் படியேறி வந்தார். "சார் இதை ரூம்லயே விட்டுட்டுக் கிளம்பிட்டாருங்க" என்று அதே காகிதத்தை என் மேசையில் வைத்தார். ஆறு கையெழுத்துக்கும் மேலே, காகிதத்தின் நடுவில், டீ கிளாஸ் வைத்த வட்டம். என்ன செய்வதென்று தெரியாமல் கைக்குட்டையை எடுத்துத் துடைத்தேன். கறை போகவில்லை. ஆறு பேரில் மூத்தவரான சின்னசாமி என் கையைப் பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் சொன்னார்: "விடுங்க மேடம். டீயாச்சும் அவருக்குச் சூடாக் குடுத்தாங்களா?"

கோடு நகர்ந்த கதை

அடுத்த தேர்தலுக்குள் தொகுதி எல்லைகளைத் திருத்தி எழுதிவிட்டார்கள். எங்கள் மலையை ஒரு தொகுதியிலிருந்து எடுத்து இன்னொன்றில் சேர்த்தார்கள். வரைபடத்தில் ஒரு கோடு கொஞ்சம் நகர்ந்திருந்தது. அந்தக் கோடு மனிதர்களை என்ன பாடுபடுத்தும் என்பது புஷ்பம் வந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. அவளுடைய கணவர் வளைகுடாவில் லாரி ஓட்டப் போனவர். விபத்தில் இறந்துவிட்டார். உடல் அங்கே பிணவறையில் இருந்தது. உறுப்பினர் கடிதம் ஒன்று டெல்லிக்குப் போனால் வெரசாக் கொண்டுவந்துவிடலாம் என்று யாரோ சொல்லி, கைப்பையில் கணவரின் பாஸ்போர்ட் நகலோடு வந்திருந்தாள். தேர்தல் முடிவு வந்து நான்காவது நாள் அது.

பழைய உறுப்பினருக்குப் போன் போட்டேன். "நான் இப்போ உறுப்பினர் இல்லம்மா" என்றார், அதே மெல்லிய குரலில். புதியவருக்குப் போட்டேன். "ஐயா இன்னும் பதவி ஏத்துக்கல, ஏத்ததும் பாப்போம்" என்றார் அவருடைய உதவியாளர். புஷ்பத்தைக் கூட்டிக்கொண்டு மலையிறங்கி, கீழே ஓர் அரசு அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் ரேஷன் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, உங்கள் ஊர் இப்போது எந்தத் தொகுதியில் வருகிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வாருங்கள் என்றார். நான் அந்த இடத்தில் சத்தம் போட்டேன். அதனால் ஒன்றும் நடக்கவில்லை.

கடைசியில், இறந்தவரோடு வேலை பார்த்த டிரைவர்கள் முறைவைத்து லீவு போட்டு அங்கே அலைந்து காகிதங்களை வாங்கினார்கள். இருபத்திரண்டாம் நாள் உடல் வந்தது. அதற்குள் பதவி ஏற்றிருந்த புதிய உறுப்பினரின் பெயர் போட்ட மலர் வளையம் மட்டும் அடக்கத்துக்குச் சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்தது. புஷ்பம் அதைப் பார்த்தாள். அழுது அழுது கட்டிப்போன குரலில் என்னிடம் சொன்னாள்: "ஓட்டுக் கேக்க வந்தப்ப எங்க வீடு எந்தத் தொகுதின்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருந்துச்சேக்கா."

முகூர்த்தம்

இரண்டாவது உறுப்பினர் காலத்தில், ரயிலில் அவசர ஒதுக்கீட்டில் இடம் கேட்டுக் கடிதம் கொடுக்கிற அதிகாரம் கட்சிக்காரர் ஒருவர் கைக்குப் போய்விட்டது. ஒரு நாள் காலையில் பண்ணைக்காட்டிலிருந்து கழுத்தில் துண்டு சுற்றிய ஒருவர் மனைவியோடு வந்தார். சென்னையில் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். பஸ்சில் அவ்வளவு தூரம் உட்கார்ந்து போகிற நிலைமையில் அவர் இல்லை. பேசக்கூட முடியாமல் ஆஸ்பத்திரி சீட்டை மட்டும் நீட்டினார். அந்த வாரக் கடிதங்கள் எல்லாம் கட்சிக்காரரின் மச்சினி கல்யாணத்துக்குப் போகிறவர்களுக்கு ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தன. இரண்டு பேருக்காவது விட்டுக்கொடுங்கள் என்று அந்த மனிதரின் எதிரிலேயே கேட்டேன். கட்சிக்காரர் கோபப்படவில்லை. பாடம் சொல்லிக்கொடுக்கிற மாதிரி நிதானமாகச் சொன்னார்: "நோய் அடுத்த வாரமும் இருக்கும்க்கா. முகூர்த்தம் இருக்காது."

கையெழுத்து மட்டும் போட்ட காகிதம்

அதே உறுப்பினர் டெல்லிக்குப் போகும்போதெல்லாம், அடியில் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு மேலே காலியாக விட்ட பத்து லெட்டர் பேடு தாள்களை என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார். மேலே என்ன அடிக்க வேண்டும் என்பதை அவருடைய பி.ஏ. போனில் சொல்வார். வாழ்த்துச் செய்தி, இரங்கல் செய்தி, கோயில் விழாவுக்கு வரமுடியாத வருத்தம், இவ்வளவுதான்.

மாணிக்கம் என்று ஒருவர் மகளோடு வந்தார். அவருடைய அப்பா காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பிவந்த குடும்பம். மகள் ரஞ்சனிக்கு நர்சிங் படிக்க இடம் கிடைத்துவிட்டது. சாதிச் சான்றிதழ் மட்டும் கிடைக்கவில்லை. தாத்தா கொண்டுவந்த குடும்ப அட்டை மழையில் நனைந்து பாதி எழுத்து அழிந்திருந்ததால், நான்கு மாதமாக அலையவிட்டிருந்தார்கள். "லயத்து வீட்டுக் கூரை ஒழுகினதுக்கு நாங்க என்னாங்க செய்யிறது? அங்கன இருந்தப்ப எங்கள இந்தியாக்காரன்னாங்க. இங்கன சிலோன்காரன்னு சொல்றாங்க" என்றார் மாணிக்கம். கல்லூரியில் சேர இன்னும் ஆறு நாள்தான் இருந்தது. பி.ஏ.வுக்குப் போன் போட்டேன். "அந்த ஜனங்களுக்கு இங்க எத்தனை ஓட்டு இருக்கு?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். வைத்துவிட்டார்.

நான் ஒரு தாளை எடுத்து மெஷினில் மாட்டினேன். இந்தக் குடும்பத்தின் ஆவணங்களை உடனே பரிசீலித்துச் சான்றிதழ் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன் என்று நான்கு வரி அடித்தேன். ஐந்தாம் நாள் சான்றிதழ் வந்தது. ரஞ்சனி இன்றைக்கு மதுரையில் நர்சாக இருக்கிறாள். விஷயம் பி.ஏ. காதுக்குப் போக ஒரு மாதம் ஆனது. மலையேறி நேரிலேயே வந்தார். மிச்சம் இருந்த தாள்களை எண்ணிப் பார்த்துப் பிடுங்கிக்கொண்டார். வேலையை விட்டு அனுப்பப் போகிறார் என்று நினைத்தேன். ஃபைல்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். விரலை ஆட்டிச் சொன்னார்: "எம்.பி.க்குத் தெரியாம எம்.பி. நல்லது செய்யக் கூடாது, புரியுதா?"

மஞ்சம்பாறையில் படப்பிடிப்பு

மூன்றாவது உறுப்பினர் இளைஞர். அவர் எங்கே போனாலும் கூடவே கேமராக்காரர் ஒருவர் போவார். அந்தச் சமயத்தில் மஞ்சம்பாறை என்கிற குக்கிராமத்தில் முத்துலட்சுமிக்குப் பிரசவ வலி வந்து, ரோடு இல்லாததால் கம்பளியைக் கம்பில் கட்டித் தொட்டிலாக்கி அவளைத் தூக்கிக்கொண்டு ஆறு கிலோமீட்டர் இறங்கியிருந்தார்கள். பாதி வழியில், பாறை மேல், குழந்தை பிறந்துவிட்டது. தாயும் பிள்ளையும் பிழைத்தது அந்த ஊர்ப் பெண்களின் கைராசி என்றுதான் சொல்ல வேண்டும். செய்தி பேப்பரில் வந்ததும் உறுப்பினர் மஞ்சம்பாறைக்குக் கிளம்பினார். பழைய மனுக்களைத் தூக்கிக்கொண்டு நானும் நடந்தேன். அந்த ஊரிலிருந்து ரோடு கேட்டு வந்தவை மட்டும் ஒரு கட்டு இருந்தன.

உறுப்பினர் ஆறுதல் சொன்னார், பழக்கூடை கொடுத்தார். அதுவரை சரி. அப்புறம் கேமராக்காரர் முத்துலட்சுமியிடம் வந்து, அந்தக் கம்பளியில் இன்னொரு தடவை படுக்கச் சொன்னார். உறுப்பினர் ஒரு பக்கம் கம்பைத் தோளில் தாங்குவாராம், வீடியோ எடுக்க வேண்டுமாம். பிரசவமாகிப் பத்து நாள் ஆனவள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, "இது தப்பு சார், நான் இதுக்கு ஒத்துக்க மாட்டேன்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். உறுப்பினர் என்னைப் பார்க்கவே இல்லை. கேமராக்காரர்தான், ஒரு நிமிஷ சோலிதான் மேடம் என்றார்.

கடைசியில் வட்டச் செயலாளர் ஒருவரைக் கம்பளியில் படுக்கவைத்து, முகத்தை மூடி எடுத்தார்கள். நல்ல கனமான மனிதர். கம்பின் முன்பக்கத்தை உறுப்பினர் தொட்டுக்கொண்டு வந்தார், மஞ்சம்பாறை ஆட்கள் நான்கு பேர் மூச்சு வாங்கச் சுமந்தார்கள். அந்த வீடியோவைப் பார்த்துக் கண்கலங்கியவர்களில் நீங்களும் இருக்கலாம். ரோடு வேலை தொடங்கி, காட்டு எல்லை வரை மண்ணைத் தள்ளிவிட்டு நின்றுபோனது. ஆனால் முத்துலட்சுமி அன்றைக்கே பதில் சொல்லிவிட்டாள். கேமராக்காரர் கேட்டதும், பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, சத்தம் போடாமல் சொன்னாள்: "மொதல்ல ரோட்டைப் போடுங்க சார். நானே கார்ல வந்து படுத்துக் காட்டுறேன்."

வரலாறு நாலு பக்கம்

போன வருடம் உறுப்பினரின் பிறந்தநாளுக்குச் சிறப்பு மலர் வெளியிட்டார்கள். "தொகுதியின் வரலாறும் பிரதிநிதிகளும்" என்று நாலு பக்கம் எழுத வேண்டும், பழைய ஆள் நீங்கள்தானே என்று என்னிடம் வந்தார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. மூன்று வாரம் உட்கார்ந்து எழுதினேன். எந்த உறுப்பினர் காலத்தில் எந்த ஊர் என்ன கேட்டது, என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்று ஃபைல்களைப் புரட்டி, யாரையும் வையாமல், உள்ளதை உள்ளபடி எழுதினேன். புஷ்பத்தின் பெயர் இருந்தது, மஞ்சம்பாறை இருந்தது.

மலர் பளபளவென்று வந்தது. நாலு பக்கத்திலும் படங்கள். ரிப்பன் வெட்டுகிற படம், சால்வை வாங்குகிற படம், ஏரியில் படகில் போகிற படம். என் எழுத்தில் மிஞ்சியது மூன்று உறுப்பினர்களின் பெயர்களும் அவர்கள் வாங்கிய ஓட்டு வித்தியாசமும்தான். கீழே என் பெயரை வேறு போட்டிருந்தார்கள். மலரைத் தயாரித்த தம்பியிடம் போய், நான் எழுதியதெல்லாம் எங்கே என்று கேட்டேன். என் தாள்களைத் தேடி எடுத்துத் திருப்பிக் கொடுத்தார். மரியாதையாகத்தான் சொன்னார்: "மேடம், ஜெயிச்சவங்களைப் பத்தி எழுதினாத்தான் ஹிஸ்டரி. நீங்க எழுதினது எல்லாம் கம்ப்ளைன்ட்."

மூன்று உறுப்பினர்களுக்கும் டெல்லியில் இருக்கை கிடைத்துவிட்டது, மூஞ்சிக்கல் மாடியில் மனுவோடு ஏறிவருகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்சு கேட்டு நான் கொடுத்த மனு மட்டும்தான் பதினைந்து வருடமாகப் பரிசீலனையில் இருக்கிறது.