கோமுவுக்கு எந்தப் பள்ளிக்கூடம்?

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் சங்கரன்கோவிலில் ஒரு பால்வாடியில் டீச்சராக இருந்தேன். விசைத்தறிகள் ஓடும் தெருவில் ஓர் அறை, ஒரு சமையல் கொட்டகை, முன்னால் மணல் கொட்டிய இடம். இவ்வளவுதான் எங்கள் பால்வாடி.

ஒரு ஜூன் மாதக் காலையில், கூட்டுறவுச் சங்கத்தில் கிளார்க்காக இருந்த ஆறுமுகம் சைக்கிளில் வந்து இறங்கினார். பின் கேரியரில் மனைவி லட்சுமி, முன் கம்பியில் நாலு வயது மகள் கோமதி, வீட்டில் கூப்பிடுவது கோமு. கோமதிக்கு வெள்ளைச் சட்டை, சிவப்பு டை, பளபளக்கும் ஷூ. அதற்கு முன் எங்கள் பால்வாடிக்கு யாரும் டை கட்டி வந்ததில்லை. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வரும் ஆபீசர்கூடக் கட்டியதில்லை.

"அட்மிஷனா சார்?"

"அட்மிஷன்லாம் இல்ல டீச்சர். சும்மா பாக்க வந்தோம்" என்றவர், நின்றபடியே என்னை இன்டர்வியூ செய்யத் தொடங்கினார். "இங்கன இங்கிலீஷ் உண்டா?"

"ஏ, பி, சி, டி பாடுவோம் சார்."

"ஹோம்வொர்க்?"

"வீட்டுக்குப் போனதும் கை கால் கழுவணும். அதான்."

அவர் முகம் வாடிவிட்டது. லட்சுமி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

மூன்று வழிகள்

கோமு இரண்டு வயது தாண்டித்தான் நடந்திருக்கிறாள். நாலு வயதிலும் 'அம்மா', 'அப்பா', 'தா' என்று ஒற்றை வார்த்தைகள்தான். திருநெல்வேலியில் டாக்டரிடம் காட்டியிருந்தார்கள். "காது நல்லா கேக்கு. வளர்ச்சி கொஞ்சம் தாமதம். மத்த பிள்ளைகளோட சேத்து விடுங்க, வீட்டுலயும் நிறையப் பேசுங்க" என்றாராம். எங்கே சேர்ப்பது என்று அவர் சொல்லவில்லை.

சொந்தக்காரர்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஆறுமுகத்துக்கோ இங்கிலீஷ் நர்சரிதான். அட்மிஷன் கிடைக்கும் முன்பே யூனிபார்ம் தைத்துவிட்டார். அந்தப் பள்ளியின் ஹெட்மிஸ்ட்ரஸ் நல்ல மனுஷி, ஒளிக்காமல் பேசினார்: "இங்கே பெஞ்சுல உக்காந்து எழுதணும். கிளாஸ் நிறையப் பிள்ளைக. இவளைத் தனியா கவனிக்க ஆள் இல்ல. சேத்துக்கிட்டா உங்களை ஏமாத்துன மாதிரி ஆயிடும்."

"நாலு வயசுலயே பிள்ளையை ஃபெயிலாக்கிட்டாங்க டீச்சர்" என்றார் ஆறுமுகம். 

அவர் பேசிக்கொண்டிருக்கும்போது லட்சுமி வாசல்படியில் உட்கார்ந்து உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பயல் கோதுமை உப்புமாவைத் தட்டோடு கவிழ்த்தான். ஆயா அதை வழித்தெடுத்துவிட்டு, மறுபடியும் வைத்தாள். திட்டு இல்லை, அடி இல்லை. அதற்குள் கோமு ஷூவை உதறிவிட்டு மணலில் இறங்கியிருந்தாள்.

"இங்கனயே இருக்கட்டும்" என்றார் லட்சுமி.

"ஏட்டி, யோசிச்சுச் சொல்லு. நாலு பேரு என்ன சொல்லுவாவ?"

"அந்த நாலு பேரும் வந்து இவளுக்குச் சோறு ஊட்டப் போறாவளாக்கும்!"

உண்மையில் எனக்குப் பயமாகத்தான் இருந்தது. எங்கள் டிரெய்னிங்கில் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி ஒரு மத்தியானம்தான் வகுப்பு நடந்தது. அதிலும் சாப்பாடு முடிந்த நேரம், பாதிப் பேர் தூக்கம். நானும் ஆயாவும் பேசி ஓர் ஏற்பாடு செய்தோம். கட்டை அடுக்க மூன்று வயதுப் பிள்ளைகளோடு, பாட்டுக்கும் விளையாட்டுக்கும் தன் வயதுப் பிள்ளைகளோடு. பேசு என்று நாங்கள் சொல்வதில்லை. நாங்கள் பேசிக்கொண்டே இருந்தோம்.

ஜன்னல்

பிள்ளையைச் சமாளித்துவிட்டோம், அப்பாவைத்தான் முடியவில்லை. ஆபீசுக்குப் போகிற வழியில் தினமும் சைக்கிளை நிறுத்தி ஜன்னலில் முகத்தை வைத்துக்கொள்வார்.

"இன்னைக்கு ஏதாச்சும் பேசினாளா டீச்சர்?"

"இப்பத்தான சார் கொண்டு வந்து விட்டீங்க?"

நான் திரும்பியதும் கோமுவைப் பார்த்து உதட்டை அசைப்பார். தறிச் சத்தத்தில் எதுவும் கேட்காது. ஒருநாள் திடீரென்று கரண்ட் போய்த் தறிகளெல்லாம் நின்றன. தெருவே அமைதி. அந்த அமைதியில் ஆறுமுகத்தின் குரல் மட்டும் கணீரென்று கேட்டது: "சொல்லு தாயி, சொல்லு! ஏ... பி... சி..."

பிள்ளைகள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். கட்டை அடுக்கிக்கொண்டிருந்த கோமு எழுந்தாள். ஜன்னலருகே போய் அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பா, போ."

சொல்லிவிட்டு மரக்கதவைப் பிடித்துச் சாத்தினாள்.

நான் வெளியே ஓடினேன். அவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கோவிச்சுக்கிடாதீங்க சார், சின்னப் பிள்ளை..."

"கோவமா? ரெண்டு வார்த்தை டீச்சர்! சேத்துச் சொல்லுதா!"

அன்று சங்கத்துக்கு உர மூட்டைக்கு வந்த விவசாயிகளிடமெல்லாம், மகள் தன்னை விரட்டிவிட்ட கதையைத்தான் சொன்னாராம்.

அதன்பின் எல்லாம் மடமடவென்று நடந்துவிடவில்லை. மறு வருடம் அவள் வயதுப் பிள்ளைகள் ஒண்ணாங் கிளாஸுக்குப் போனபோது, ஆறுமுகமே வந்து, "இன்னொரு வருசம் இங்கனயே இருக்கட்டுமா டீச்சர்?" என்று கேட்டார். இருந்தாள். பிறகு பக்கத்து முனிசிபல் பள்ளியில் சேர்ந்தாள். கணக்கு கடைசிவரை அவளுக்குப் பிடி கொடுக்கவில்லை. பத்தாம் வகுப்பை இரண்டாம் தடவையில் பாஸ் செய்தாள். ஆறுமுகம் ஸ்டேட் ஃபர்ஸ்ட் வந்ததுபோல் தெரு முழுக்க லட்டு கொடுத்தார்.

புதிதாக வேலைக்கு வரும் டீச்சர்களிடமும், 'எங்கே சேர்க்கலாம்' என்று கேட்கும் தாய் தகப்பனிடமும் நான் சொல்வது இதுதான். பள்ளிக்கூடத்தைப் பார்க்கப் போனால், மடமடவென்று ஒப்பிக்கிற பிள்ளையைப் பார்க்காதீர்கள், அதை அவர்களே கூப்பிட்டுக் காட்டுவார்கள். மெதுவாகச் சாப்பிடுகிற பிள்ளையிடம், தட்டைக் கவிழ்க்கிற பிள்ளையிடம் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பாருங்கள். மனசுக்குப் பிடித்தால் சேர்த்துவிடுங்கள். சேர்த்துவிட்டு, தயவுசெய்து ஆபீசுக்குப் போய்விடுங்கள்.